தொட்டிக்குள் இறங்கிய முதல்

குருநாகலில் கண்ணாடிக் கடை போட்டு எனக்கு இருபத்தெட்டு வருடங்களாகின்றன. வருபவர்களில் பாதிப்பேர் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்ட வருவார்கள். மற்றவர்கள் படச் சட்டம், அலுமாரிக் கதவு, முகம் பார்க்கும் கண்ணாடி என்று வருவார்கள். மாதத்தில் ஒருவரோ இருவரோ, "நானா, மீன் தொட்டி ஒண்டு செஞ்சி தருவீங்களா?" என்று கேட்பதுண்டு. வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஒட்டிக் கொடுப்போம். அதில் வந்த காசை நான் ஒருநாளும் கணக்குப் புத்தகத்தில் தனியாக எழுதியதில்லை. பையன்களின் தேத்தண்ணிச் செலவுக்கு அது போகும்.

2022 மார்ச் மாதத்தில் டொலர் இருநூறு ரூபாவை விட்டுப் புறப்பட்டு, இரண்டு மாதங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டிய கதையை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு கட்டுபவர்கள் கட்டடத்தை நிறுத்தினார்கள். வீடு நின்றால் ஜன்னல் நிற்கும், ஜன்னல் நின்றால் கண்ணாடி நிற்கும். கடையில் சாய்த்து வைத்த தட்டுகள் தூசி பிடித்துக் கிடந்த காலம் அது. அதற்கு அடுத்த வருடம் என் தங்கையின் மகன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தான். ஐந்து வருடங்கள் அங்கே ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை. கையில் கொஞ்சம் சேமிப்பு. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"மாமா, நீங்க தொட்டிய விக்கிறீங்க. நாம தொட்டிக்குள்ள ஈக்கிறத விப்போம்" என்றான்.

அந்த ஹோட்டலின் வரவேற்பறையில் பெரியதொரு தொட்டி இருந்ததாம். அதைத் துப்புரவு செய்ய வந்த பிலிப்பைன்ஸ்காரரோடு சேர்ந்து வேலை பழகியிருக்கிறான். தொலைபேசியில் படம் காட்டினான். எங்களூர்க் கடைகளில் காண்பது போல நீலக் கல்லும் பிளாஸ்டிக் பூவும் வாய் திறந்து மூடும் முதலைப் பொம்மையும் அதில் இல்லை. ஒரு பழைய மரவேர் சரிந்து கிடக்கிறது. அதன் மேல் பாசி. அடியில் மூன்று நான்கு கற்கள். பின்னால் பச்சைப் பசேலென்று செடிகள். நடுவில் சின்னஞ்சிறு மீன்கள் கூட்டமாகப் போகின்றன. மலையடிவாரத்து ஓடையொன்றை வெட்டியெடுத்து வைத்தது போல இருந்தது.

இந்த வேலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஜப்பானியர் ஒருவர், தகாஷி அமானோ. 1954இல் நீகாத்தா மாகாணத்தில் பிறந்தவர். முதலில் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, பின்பு படப்பிடிப்பாளரானவர். 1982இல் தன் கொம்பனியைத் தொடங்கினார். மண், விளக்கு, கத்தரிக்கோல், கண்ணாடிக் குழாய் என்று இந்தத் தொட்டிக்குத் தேவையான ஒவ்வொன்றையும் ஒரு சரக்காக்கி விற்றார். 2015இல் அவர் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் 40 மீற்றர் நீளமான, 160,000 லீற்றர் நீர் கொள்ளும் தொட்டியொன்றை அமைத்துக் கொடுத்தார். கல்லும் கட்டையும் புல்லும் எந்த ஊரிலும் கிடைக்கின்றன. அதைக் காசாக்கத் தெரிந்தவர் ஒருவர் தேவைப்பட்டார்.

எனக்கு அதைவிட உறுத்தியது இன்னொரு விடயம். இந்தத் தொட்டிகளில் உலகெங்கும் அதிகமாக நடப்படும் செடிகளில் ஒன்று கிரிப்டோகொரின் வென்டியை. அது எங்கள் நாட்டுச் செடி. எங்கள் ஆற்றோரங்களில் வளர்வது. 1970இல் டென்மார்க்கில் தொடங்கிய ட்ரொபிகா என்ற நிறுவனம் அதைக் கண்ணாடி வீட்டில் வளர்த்துச் சிறு சட்டியில் போட்டு ஐரோப்பா எங்கும் விற்கிறது. அதில் ஒரு வகைக்கு 'மீ ஓயா' என்றே பெயர். குருநாகல் பக்கத்தால் ஓடிப் புத்தளம் களப்பில் விழுகிற அதே மீ ஓயா. அந்த ஆற்றுப் பாலத்தால் நான் எத்தனை தடவை லொறியில் கண்ணாடி ஏற்றிப் போயிருக்கிறேன்! கீழே ஒரு சரக்கு இருக்கிறது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்தேனா?

இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். கண்ணாடி, கடை இடம், வாடிக்கையாளர் பழக்கம் என்னுடையது. விளக்கு, பில்டர், காபனீரொட்சைட்டு சிலிண்டர், செடி, மீன் எல்லாம் அவனுடைய சேமிப்பிலிருந்து. உழைப்பும் அவனுடையது. இலாபம் பாதிப் பாதி. நட்டம் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசவில்லை. மாமன் மருமகனுக்குள் அதைப் பேச வெட்கம். அது முதலாவது பிழை.

தொட்டி செய்வதில் எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு இது உதவும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி விளிம்பு வரை சுமார் 190 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. 10 மில்லிமீற்றர் கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டும் நாற்பது கிலோவுக்கு மேல். மணலும் கல்லும் சேர்ந்தால் கால் தொன்னைத் தாண்டும். சாதாரண மேசையில் இதை வைக்க முடியாது. இரும்புச் சட்டத்தில் அல்லது சுவரோடு கட்டிய மேடையில் வைக்க வேண்டும். அடியில் அரை அங்குல ரெஜிஃபோம் விரிக்க வேண்டும். ஒரு மணற்பருக்கை அடியில் அகப்பட்டாலும் அந்த இடத்தில் பாரம் குவிந்து கண்ணாடி வெடிக்கும். ஓரங்களை அரைத்து மினுக்கிக் கொடுங்கள். தொட்டிக்குள் கைவிட்டு வேலை செய்பவர் அதை மறக்கமாட்டார்.

ஒட்டும் சிலிக்கனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளியலறைக்கு விற்கும் சிலிக்கனில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கென்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். ஒட்டிய பின் ஒரு வாரம் காயவிட வேண்டும். பிறகு கடை முற்றத்தில் வைத்து நிறையத் தண்ணீர் விட்டு மூன்று நாட்கள் பார்க்க வேண்டும். கசிந்தால் எங்கள் முற்றத்தில் கசியட்டும், வாங்கியவரின் வீட்டு மண்டபத்தில் கசியக்கூடாது.

எங்களுக்கு முதலாவது பெரிய வேலை கிடைத்தது 2025 ஜனவரியில். பல் வைத்தியர் ஒருவரின் புதிய சிகிச்சை நிலையம். நோயாளர்கள் காத்திருக்கும் அறையில் நான்கடித் தொட்டி. பல் பிடுங்க வந்தவர்கள் மீனைப் பார்த்துப் பயத்தை மறக்க வேண்டும் என்பது டொக்டரின் விருப்பம். நியாயமான விருப்பம்தான். இருபது நாட்களில் திறப்பு விழா, அதற்குள் மீன் நீந்த வேண்டும் என்றார். மருமகன் முகத்தைச் சுளித்தான். நான் சரி என்றேன்.

கட்டையை அவன் நன்றாகவே செய்தான். தொட்டிக்குப் போடும் மரக்கட்டை நன்கு உலர்ந்த கடின மரமாக இருக்க வேண்டும். பச்சை மரம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பிசின் வடியும் மரம், பொலிஷ் அடித்த தளபாடத் துண்டு எதுவும் ஆகாது. அவன் எடுத்தது பட்டுப்போன பழைய கொய்யா மரத்தின் வேரும் கவையும். பட்டையை முற்றாக உரித்து, வீட்டுக் கொல்லையில் பெரிய பீப்பாயில் ஊறப்போட்டான். இரண்டு நாளில் தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டது. கட்டையிலுள்ள சாயம் அது. மீனுக்குக் கெடுதியில்லை, தண்ணீரைச் சற்று அமிலமாக்கும், சில மீன்களுக்கு அதுவே விருப்பம். ஆனால் காசு கொடுத்தவர் தேத்தண்ணித் தொட்டியை ஏற்கமாட்டார். ஆகவே தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தான், சிறு கவைகளை அவித்தான். கட்டை மிதக்கும் என்பதால் அடியில் கருங்கல் தட்டொன்றைத் துருப்பிடிக்காத திருகாணியால் பூட்டினான். தண்ணீருக்குள் போன முதலாவது வாரத்தில் கட்டையில் வெள்ளையாக வழுவழுப்பான பூஞ்சணம் படரும். சில வாரங்களில் தானாகப் போய்விடும். இதை முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லிவைத்தால் அவர் தலையாட்டிக்கொள்வார். சொல்லாமல் விட்டால் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.

செடியிலும் அப்படியே. கிரிப்டோகொரினை இடம் மாற்றி நட்டால் ஒரு வாரத்துக்குள் இலையெல்லாம் கரைந்து கூழாகிப் போகும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்கள் அதிகம். எறியக்கூடாது. மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் புது இலை விடும், அதன் பிறகு வருடக் கணக்கில் நிற்கும். அனுபியாஸ், ஜாவா பன்னம் ஆகிய இரண்டையும் மண்ணில் புதைக்கவே கூடாது, தண்டு அழுகும். நூலால் கட்டையில் கட்டிவிட்டால் வேர் தானே பற்றிக்கொள்ளும்.

கல்லுக்கு வருகிறேன். கல் தெரிவு நான். மருமகன் தெதுரு ஓயாப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் கறுப்பு உருண்டைக் கற்கள் பார்த்து வைத்திருந்தான். எனக்கு அது மங்கலாகப்பட்டது. மாத்தளைப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது தெருவோர முற்றமொன்றில் வெள்ளைக் கற்கள் குவித்திருந்தார்கள். சீனிக் கட்டி போல மின்னுகின்றன. விலையும் பாதி. வானின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு சோதனை எனக்குத் தெரியும். கல்லில் வினாகிரி ஊற்றினால் நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தொட்டிக்கு ஆகாது. ஊற்றினேன். நுரைக்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, "பார் மகன், மாமா சரக்குத் தெரியாம வாங்கமாட்டேன்" என்றேன். அந்தக் கற்களை ஏற்றிய இடத்திலிருந்து அரை மைல் தூரத்தில் சுண்ணாம்புச் சூளை புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்கு உறைக்கவில்லை.

தொட்டி அழகாக வந்தது என்பதை மறுக்க முடியாது. பின்னால் ஐந்து அங்குலம், முன்னால் இரண்டு அங்குலம் என்று மண்ணைச் சரிவாக இட்டால் தொட்டி ஆழமாகத் தெரியும். பெரிய கல்லை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வைத்து, மற்றவற்றை அதற்குச் சாய்வாக வைத்தான். கற்களை ஒற்றைப்படையில் வைப்பது ஜப்பானியர் பழக்கமாம். சிவப்பு இலைச் செடிகளுக்குக் காபனீரொட்சைட்டு வேண்டும் என்று சிலிண்டரும் பூட்டினான். மின் வால்வு வைத்த சிலிண்டர், விளக்கோடு சேர்ந்து திறந்து மூடும். பதினேழாம் நாள் முப்பது நியோன் மீன்களை விட்டோம். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று படமெடுத்தார்கள். அங்கே நின்றே இருவர் விலை கேட்டார்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறையில் குரங்கொன்று உப மின்நிலையத்துக்குள் பாய்ந்ததாகச் சொன்னார்களே, அதே நாள். சிகிச்சை நிலையம் பூட்டிக் கிடந்தது. மணிக்கணக்கில் பில்டர் நின்றது, சிலிண்டர் வால்வு மூடியது. பின்பு மின்சாரம் வந்து பில்டர் தானாக ஓடத் தொடங்கியது. திங்கள் காலை டொக்டர் கதவைத் திறந்தபோது பதினெட்டு மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. மிகுதியும் மேலே வந்து வாய் திறந்து நின்றன. அன்றைக்கு முதலாவது நோயாளி ஒரு சின்னப் பிள்ளையாம். வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டதாம்.

நான் போய் நின்றவுடன் சொன்னது, "டொக்டர், இது குரங்கால வந்த வினை." டொக்டரும் சிரித்தார். பழி போட ஒரு குரங்கு கிடைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மருமகன் சிரிக்கவில்லை. சோதனை மருந்துப் பெட்டியை எடுத்து வந்து தண்ணீரைப் பார்த்தான். பீ.எச். எட்டைத் தாண்டியிருந்தது. நாங்கள் ஊற்றிய குழாய்த் தண்ணீர் ஏழுக்குக் கிட்ட இருந்தது. அமோனியாவும் இருந்தது. "மாமா, ஏழு எப்படி எட்டாகும்? குரங்கு வந்து உப்புப் போட்டதா?" என்று கேட்டான்.

நடந்தது என்னவென்று அவன் எனக்கு விளங்கப்படுத்திய விதத்திலேயே எழுதுகிறேன். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அது நஞ்சு. பில்டரிலும் மண்ணிலும் கல்லிலும் குடியேறும் ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். அதைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும், மிகுதி தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நாங்கள் பதினேழு நாளில் முப்பது மீன்களை இறக்கினோம். ஆகவே அமோனியா முன்பே கொஞ்சம் நின்றிருக்கிறது. தண்ணீர் நடுநிலையில் இருக்கும்வரை அதில் பெரும்பங்கு அவ்வளவு கெடுதியில்லாத வடிவத்தில் நிற்கும். பீ.எச். ஏற ஏற நஞ்சான வடிவத்துக்கு மாறும். காபனீரொட்சைட்டு ஓடியபோது தண்ணீர் சற்று அமிலமாகி அந்த நஞ்சை அமத்தி வைத்திருந்தது. அதே அமிலத் தண்ணீர் என்னுடைய வெள்ளைக் கற்களையும் நாள்தோறும் கரைத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போனதும் வாயு நின்றது. கல் கரைந்த தண்ணீரின் பீ.எச். ஏறியது. நின்றுபோன பில்டருக்குள் ஒக்சிஜன் இல்லாமல் பற்றீரியாக்கள் செத்து அழுகின. மின்சாரம் வந்ததும் பில்டர் அந்த அழுகல் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டியது.

"அப்ப கல்லு? வினாகிரி ஊத்திப் பார்த்தேனே!"

அவன் ஒன்றும் பேசாமல் இரண்டு வாளிகளில் மழைத் தண்ணீர் நிரப்பினான். ஒன்றில் என் கல்லொன்றைப் போட்டான், மற்றதைச் சும்மா விட்டான். ஒரு வாரம் கழித்து இரண்டையும் அளந்தான். கல் கிடந்த வாளியின் கடினத்தன்மை ஏறியிருந்தது, மற்றது அப்படியே. பிறகு கல்லை உடைத்துப் பொடியாக்கி, டைல் கழுவ விற்கும் அமிலத்தைத் தண்ணீர் கலந்து ஒரு துளி விட்டான். பொங்கியது. அது டொலமைற்று. சாதாரண சுண்ணாம்புக் கல் போல முழுக் கல்லில் வினாகிரி விட்டால் அது நுரை காட்டாது. பொடியாக்கினால்தான் தெரியும். கண்டி, மாத்தளைப் பக்கங்களில் சுண்ணாம்பு சுடுவதே இந்தக் கல்லில்தான். பிறந்த நாளிலிருந்து அதில் செய்த சுண்ணாம்பைச் சுவரில் பார்த்து வந்தவன் நான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெரும்பாலும் அவனுடைய காசு அது. ஐந்து வருடம் வெளிநாட்டில் கிடந்து சேர்த்தது. டொக்டருக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டால் புதிதாக மீன் மட்டும் வாங்கி விட்டுச் சமாளிக்கலாம், குரங்கும் சாட்சிக்கு இருக்கிறது. ஆனால் கல் உள்ளே கிடக்கும்வரை அது திரும்பவும் வரும். அடுத்த நாள் காலையில் டொக்டரிடம் போய், "பிழை குரங்கிட இல்ல, என்ட" என்று சொன்னேன். தொட்டியை முழுதாகப் பிரித்து மறுபடி செய்து தருவதாகச் சொன்னேன். அவர் முதலில் காசைத் திருப்பித் தரச் சொன்னார். பிறகு யோசித்து, ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு மாதம் அவர் ஒரு சதமும் தரமாட்டார், பராமரிப்புக் கட்டணமும் இல்லை, அதற்குள் ஒரு மீன் செத்தாலும் தொட்டியை நாங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒப்புக்கொண்டேன். திறப்பு விழாவில் விலை கேட்ட இருவரில் ஒருவர் கதையைக் கேள்விப்பட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

மறு வேலைக்குச் செலவானது எண்பத்தையாயிரத்துக்குச் சற்று அதிகம். கூட்டு வியாபாரத்தில் நட்டம் முதலுக்கு ஏற்றபடி பிரியும் என்பது வழக்கம். அப்படிப் பிரித்தால் அவன் தலையில் பாதிக்கு மேல் விழும். கல் வாங்கியதும் இருபது நாள் தவணைக்கு ஒப்புக்கொண்டதும் நான், இரண்டிலும் அவன் சொல்லைக் கேட்கவில்லை. முழுவதையும் என் கணக்கில் எழுதினேன். அவன் மறுத்தான். தங்கை வந்து சண்டை பிடித்தாள், "நானா, அவன சின்னப் பிள்ளையாக்காதீங்க" என்றாள். கடைசியில் கல்லின் செலவும் மீன்களின் செலவும் எனக்கு, செடிகளின் செலவு இருவருக்கும் என்று முடிந்தது. அன்றுதான் ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் வைத்தோம்: கல், கட்டை, தண்ணீர், மீன் இவற்றில் அவன் சொல்லே முடிவு. விலையிலும் கடன் கொடுப்பதிலும் என் சொல் முடிவு.

இரண்டாம் முறை காபனீரொட்சைட்டு சிலிண்டரை எடுத்தே விட்டான். ஆட்கள் மாறி மாறி வந்துபோகும் இடத்துக்கு, வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் இடத்துக்கு, வாயு இல்லாமல் வளரும் செடிகளே பொருத்தம் என்பது அவனது முடிவு. கிரிப்டோகொரின், அனுபியாஸ், ஜாவா பன்னம், பாசி, பின்னால் வலிஸ்னேரியா. சிவப்பு இலை கிடையாது. அதற்குப் பதிலாக மீன் சிவப்பாக இருக்கட்டும் என்றான். கற்கள் அந்தத் தெதுரு ஓயாக் கறுப்பு உருண்டைகள்தான். தண்ணீர் நனைந்ததும் எனக்கு மங்கலாகத் தெரிந்த கல் மழை பெய்த தார் வீதி போலக் கறுத்து, பச்சையை எடுப்பாகக் காட்டியது. விளக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும், பிறகு மெதுவாக எட்டு. கூடினால் கண்ணாடியில் பாசி பிடிக்கும். ஜன்னல் வெயில் விழும் இடத்திலிருந்து தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். ஐந்து வாரங்கள் செடி மட்டும். டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது, "தோட்டம் பார்க்கவா காசு தந்தேன்" என்று ஒருநாள் கேட்டார். மருமகன் சோதனைக் குழாயைக் காட்டி, அமோனியாவும் நைத்திரைற்றும் சூனியத்துக்கு வரட்டும் என்று மட்டும் சொன்னான். பிறகு எட்டு மீன்கள், பத்து நாள் கழித்து இன்னும் எட்டு.

அந்த மீனும் எங்கள் நாட்டுடையதே. உலகம் செரி பாப் என்கிறது, சிங்களத்தில் லே தித்தயா. தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் மட்டும் உள்ளது. 1929இல் தெரணியகல என்ற எங்கள் நாட்டு அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். இன்னொன்று புலத் ஹப்பயா, வெற்றிலை சப்புபவன் என்று பொருள். ஆண் மீனின் தலை வெற்றிலை போட்ட வாய் போலச் சிவக்கும். இவற்றை ஓடையில் வலை போட்டுப் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டத்தின் கீழும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் எங்கள் நாட்டுக்கே உரிய பல மீன்களுக்கும் செடிகளுக்கும் தடையும் கட்டுப்பாடும் உண்டு. பண்ணையில் பெருக்கியதைப் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லயில் தேசிய நீரியல்வள அபிவிருத்தி அதிகார சபையின் அலங்கார மீன் நிலையமே இருக்கிறது. செடி ஏற்றுமதி செய்ய எண்ணுபவர் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையின் சுகாதாரச் சான்றிதழில்லாமல் ஒரு இலையும் அனுப்ப முடியாது. களப்போரத்துக் கண்டல் வேர் அழகாக வளைந்திருக்கும், அதையும் தொடவேண்டாம். 2015இலேயே நாட்டின் கண்டல் காடுகளையெல்லாம் பாதுகாப்பதாக அரசு அறிவித்துவிட்டது.

வியாபாரக் கணக்குக்கு வந்தால், தொட்டியை விற்பதில் கிடைப்பது ஒருமுறைக் காசு. அதிலும் விளக்கும் பில்டரும் டொலரோடு ஏறி இறங்கும் சரக்கு. எங்கள் கைக்கு நிற்பது மாதப் பராமரிப்பு. வாரம் ஒருமுறை போய் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, கண்ணாடி துடைத்து, செடி கத்தரித்து வர ஒன்றரை மணித்தியாலம். கத்தரித்த செடி குப்பையல்ல, அடுத்த தொட்டிக்கான நாற்று. இதைத்தான் நான் கடைசியாக விளங்கிக்கொண்டேன். கண்ணாடி வெட்டினால் மிஞ்சுவது துண்டு, செடி வெட்டினால் மிஞ்சுவது முதல். தண்ணீர் மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அந்தப் பற்றீரியாக்களைக் கொல்லும். ஒரு நாள் திறந்த பீப்பாயில் வைக்க வேண்டும், அல்லது குளோரின் நீக்கும் மருந்து விட வேண்டும். பில்டரின் பஞ்சைக் குழாயடியில் பிடித்துக் கழுவவே கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலச வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் முப்பது பாகையைத் தாண்டினால் மேலே சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

டொக்டரின் இரண்டு மாதம் முடிந்தது. ஒரு மீனும் சாகவில்லை என்று எழுத ஆசை. ஒன்று பாய்ந்து வெளியே விழுந்து செத்தது. மூடி போடாதது எங்கள் பிழையா, பாய்ந்தது மீனின் பிழையா என்று டொக்டரோடு கால் மணித்தியாலம் வாதம் நடந்தது. இறுதியில் நான் கடையில் மூடியொன்று வெட்டிக் கொண்டுபோய்ப் போட்டேன். மீதிக் காசைத் தந்தார்.

இப்போது மாதப் பராமரிப்பில் ஏழு தொட்டிகள் இருக்கின்றன. எட்டாவதற்குப் புத்தளத்தில் ஒரு கல்யாண மண்டபக்காரர் அழைத்திருக்கிறார், ஆறடித் தொட்டி. மூன்று வாரத்தில் வேண்டுமாம். நான் வாய் திறக்கவில்லை, மருமகனைப் பார்த்தேன். அவன் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், உங்கள் கேத்தலுக்குள் வெள்ளை படிகிறதா என்று. தடிப்பாகப் படிகிறது என்றார். சுண்ணாம்புப் பாறைக்கு மேல் உள்ள ஊர், கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அதில் நியோன் மீன் சரிவராது, கப்பியும் மொலியும் சந்தோஷமாக இருக்கும். வென்டியையும் ஜாவா பன்னமும் வலிஸ்னேரியாவும் தாங்கும். மீ ஓயாவின் பெயர் வைத்த செடியை மீ ஓயா விழுகிற ஊருக்கே கொண்டுபோய் நடப்போகிறோம் என்று அவனுக்கு ஒரு பூரிப்பு. தவணை எட்டு வாரம் என்று சொல்லிவிட்டான், மண்டபக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுத்துவரப் போகிறோம். வானின் பின் ஆசனத்தில் இரண்டு வெற்றுப் போத்தல்களும் சோதனைப் பெட்டியும் இப்போதே ஏறியாயிற்று.